கயிற்றில் தொங்கியபடி ‘கட்’ சொன்ன இயக்குநர்

தரையிலிருந்து 20 அடி உயரத்தில், இடுப்பின் இரு பக்கமும் மாட்டிய ரோப்பில் தொங்கிக்கொண்டு, முகமூடியும் கையுறையுமாக, எங்கள் ஹீரோ தானே ‘கட்’ சொன்னார். அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றபடியே கீழே குனிந்து, “எப்படி இருந்தது?” என்று கேட்டார். கீழே நின்ற அத்தனை பேரும் பிரமாதம் என்றார்கள். சிலர் கை தட்டினார்கள். அவர் பார்வை கூட்டத்தைத் துழாவி, மானிட்டர் அருகில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்றது. “ஸ்கிரிப்ட்டி?” என்றார்.

“எனக்கு ஓகே” என்றேன்.

ஓகே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கனடாவின் வான்கூவரில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஸ்கிரிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். சென்னையில் உதவி இயக்குநராக இருந்தபோது கன்டினியூட்டி நோட்டைக் கட்டிக்கொண்டு அழுதேனே, ஏறக்குறைய அதே வேலைதான். இங்கே அதற்கென்று தனி ஆள், தனி யூனியன் அட்டை, தனி நாற்காலி. எந்த டேக்கில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்த வரியில் திரும்பினார், என்ன லென்ஸ், இயக்குநருக்குப் பிடித்த டேக் எது என்பதெல்லாம் என் குறிப்பில் ஏறும். அந்தக் குறிப்பு அன்றிரவே லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் எடிட்டருக்குப் போய்விடும். ‘ஸ்கிரிப்ட்டி’ என்பது இந்த வேலைக்கு யூனிட் வைத்த செல்லப் பெயர். என் முழுப் பெயர் பாதிப் பேருக்கு வாயில் நுழையாததால் எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

தொடரின் பெயரையும் நடிகரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவரிடம் கேட்டுவிட்டு இதை எழுதவில்லை. ‘நம்பர் ஒன்’ என்று வைத்துக்கொள்வோம், யூனிட்டிலும் அப்படித்தான் சொல்வோம். கோடம்பாக்கத்தில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி. இங்கே கால்ஷீட் என்பது மறுநாள் வேலை முழுவதும் அச்சாகி வரும் தாள். அதில் நடிகர்களுக்கு எண் உண்டு, கதாநாயகனுக்கு 1.

நடிகர் தன் சூப்பர் ஹீரோ தொடரைத் தானே இயக்குவது புதிய பழக்கம் அல்ல. 1950களில் சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸ் அந்தத் தொடரின் கடைசி மூன்று எபிசோடுகளை இயக்கினார். ஹல்க் தொடரில் டாக்டராக நடித்த பில் பிக்ஸ்பி 1981இல் ஒரு எபிசோடை இயக்கினார், பிறகு அதே பாத்திரத்தை வைத்து வந்த தொலைக்காட்சிப் படங்களையும் இயக்கினார். எங்கள் வான்கூவரில் எடுத்த ‘ஸ்மால்வில்’லில் டாம் வெல்லிங், ‘தி ஃபிளாஷ்’இல் 2019இல் டேனியல் பனபேக்கர், ‘சூப்பர்கேர்ள்’இல் 2020இல் மெலிசா பெனாயிஸ்ட் என்று வரிசை நீளும். ஒரு சீசனுக்கு 22 எபிசோடு எடுக்கும் தொடருக்கு இயக்குநர்கள் நிறையத் தேவை. ஏழெட்டு வருடம் அதே உடைக்குள் வேகும் நடிகருக்குப் புதிதாக ஏதாவது தேவை. தயாரிப்பாளர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். இதில் கலை ஆர்வம் எவ்வளவு, ஒப்பந்தப் பேரம் எவ்வளவு என்று எனக்குக் கேள்வி உண்டு. நம்பர் ஒன் விஷயத்தில் ஆர்வம் நிஜம். முந்தைய சீசனில் ஓய்வு நாட்களில்கூட வந்து இரண்டு இயக்குநர்களின் பின்னால் நிழல் மாதிரி சுற்றினார். அப்போதுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. நடிகர்கள் ஒத்திகை முடித்து டிரெய்லருக்குப் போனதும் செட்டில் எல்லோரும் ஓய்வெடுப்பதாகத்தான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம். லைட்டிங் நடக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இயக்குநரின் பாதி வேலை நடக்கிறது.

தயாராகும் நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒரு மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போக 42 நிமிடம் சொச்சம். அதை எடுக்க எங்களுக்கு 8 நாள், சில சமயம் 9. அதற்கு முன்னால் தயாரிப்பு வேலைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு நாள். ஒரு இயக்குநர் செட்டில் இருக்கும்போதே அடுத்த எபிசோடின் இயக்குநர் அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருப்பார். நடிகருக்கு இங்கே ஒரு சிக்கல். அவர் தயாராக வேண்டிய அந்த நாட்களில்தான் முந்தைய எபிசோடில் நடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எழுத்தாளர்கள் முந்தைய எபிசோடில் அவரை ஓரமாக ஒதுக்கி எழுதுவார்கள். தொடர் பார்க்கும்போது முக்கியமான ஒருவர் திடீரென்று மயங்கி விழுந்து ஒரு வாரம் முழுக்கப் படுக்கையில் கிடந்தால், அடுத்த வாரம் டைட்டிலில் இயக்குநர் பெயரைக் கவனியுங்கள்.

நம்பர் ஒன்னுக்குப் பேசியது 8 நாள். கையில் முழுதாகக் கிடைத்தது 5. மீதி நாட்களில் மதியம் வரை நடிப்பு, மதியத்துக்கு மேல் முகத்தில் பசை மிச்சத்தோடு லொகேஷன் பார்க்க வேன் ஏறுவது. யாராவது இந்த நிலையில் இருந்தால் நான் சொல்வது இதுதான்: வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில் தலையாட்டுவதற்கு முன்னால், தயாராகும் நாட்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். செட்டுக்குப் போன பிறகு நேரத்தைக் கேட்டு வாங்க முடியாது.

படப்பிடிப்புக்கு முன்பு திரைக்கதையைக் கையில் கடிகாரத்தோடு படித்து நேரம் கணக்கிடுவதும் என் வேலை. இங்கே ஒரு பக்கத்தை எட்டாகப் பிரிப்பார்கள். இன்று ஐந்தேகால் பக்கம், நாளை ஆறே அரைக்கால் பக்கம் என்று கால்ஷீட்டில் வரும். முதன்முதலில் பார்த்தபோது, தாத்தா வாய்ப்பாட்டில் படித்த அரைக்கால் கடல் தாண்டி இங்கே உயிரோடு இருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். பேச்சுக் காட்சி என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும். சண்டைக்கு அந்தக் கணக்கு எடுபடாது. இந்த எபிசோடின் நான்காவது பகுதியில் ஒரே வரிதான் இருந்தது: ‘மேற்கூரை உடைய, இருவரும் மோதுகிறார்கள்.’ அரைக்கால் பக்கம். திரையில் இரண்டு நிமிடம், எடுப்பதற்கு ஒன்றரை நாள்.

அந்தச் சண்டைக்கு நம்பர் ஒன் 43 ஷாட் எழுதிக்கொண்டு வந்தார். முதல் உதவி இயக்குநர் பட்டியலை மேசையில் வைத்து ஒரு பென்சிலைக் கொடுத்தார். நம்ம ஊரில் உதவி இயக்குநர் என்றால் நாளைய இயக்குநர். இங்கே முதல் உதவி இயக்குநர் என்பவர் நேரத்தின் கணக்கப்பிள்ளை, கதை பற்றி வாய் திறக்க மாட்டார். “ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக 25 நிமிடம். நீங்களே பெருக்கிப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். பெருக்கினால் 18 மணி நேரம் வந்தது, சாப்பாட்டு நேரம் சேர்க்காமலே. ரோப் கட்டும் நேரம் தனி.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. வெறுமனே வெட்டாமல், ஃபைட் மாஸ்டரைக் கூப்பிட்டு, “இதில் என் முகம் எங்கெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும்?” என்று கேட்டார். ஏழு இடம். மீதி எல்லாவற்றையும் டூப் வைத்து இரண்டாம் யூனிட் எடுக்கலாம், அதே நேரத்தில் அவர் பக்கத்து ஃபுளோரில் பேச்சுக் காட்சியை இயக்கலாம். வருடக்கணக்காக அந்த உடையில் அடி வாங்கியவர் என்பதால் எந்த அசைவுக்குத் தன் முகம் தேவையில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வரும் இயக்குநருக்கு இந்தக் கணக்குப் பிடிபட மூன்று எபிசோடு ஆகும்.

சரி, படப்பிடிப்பு. முதல் நாள் முழுக்க அவர் நடிக்காத காட்சிகளாகவே போட்டிருந்தார்கள், அது முதல் உதவி இயக்குநரின் புத்திசாலித்தனம். முதல் நாள் ஒரு இயக்குநர் எப்படி நடந்துகொள்கிறார் என்று யூனிட் எடை போடும். அந்த நேரத்தில் அவர் முகமூடிக்குள் இருக்கக் கூடாது. சாதாரண ஜீன்ஸும் மழைக்கோட்டுமாக வந்தார். பக்கம் பாக்கியில்லாமல் முடித்தார். எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டாம் நாளிலிருந்து உடை. அந்த உடையைப் போட 40 நிமிடமும் ஒரு உதவியாளரும் வேண்டும். தண்ணீர் குடிக்கவே யோசிப்பார், ஏனென்றால் கழிப்பறை போவது ஒரு சடங்கு. ரோப் ஷாட்டுக்கு, உள்ளே பெல்ட் மாட்ட இடம் விட்டுத் தைத்த இன்னொரு உடை. அதில் உட்காரவே முடியாது, சாய்ந்து நிற்க ஒரு பலகை வைத்திருப்பார்கள். யூனிட் வருவதற்கு முன்பே மேக்கப்புக்கு வர வேண்டும், எல்லோரும் போன பிறகு மறுநாள் ஷாட்களைப் பேசிவிட்டுப் போக வேண்டும். மூன்றாம் நாளிலேயே கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது, முகமூடி அதை மறைத்தது.

நடித்துக்கொண்டே இயக்கும்போது இரண்டு விஷயம் நேரத்தைத் தின்னும். ஒன்று, காட்சி அமைக்கும்போது அவரே உள்ளே நிற்பது. உள்ளே நிற்பவருக்கு ஃபிரேம் தெரியாது. அவர் உயரத்தில் இருக்கும், லைட்டிங்கின்போது அவருக்குப் பதிலாக நிற்கும் ஸ்டாண்ட்-இன்னை உள்ளே நிற்க வைத்து, வசனத்தையும் அவரையே படிக்கச் சொல்லி, தான் கேமரா பக்கம் நிற்கப் பழகினார். இன்னொன்று, ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் ஓடிவந்து போட்டுப் பார்ப்பது. இரண்டு நிமிட டேக்கைத் திரும்பப் பார்க்க இரண்டு நிமிடம், அதற்குள் உடன் நடிப்பவரின் சூடு ஆறிவிடும், நான்கு பேர் கருத்துச் சொல்வார்கள். ஒரு கோணத்துக்கு ஒரே ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம், நான் எதிர்பார்க்காத ஒன்று. அவர் தன்னுடைய குளோசப்பை மட்டும் அவசர அவசரமாக முடிப்பார். ஒருவர் தோளுக்கு மேலாக எதிரில் இருப்பவரைக் காட்டும் சஜஷன் ஷாட் மற்றவர்களுக்கு என்றால் ஆறு டேக், தனக்கு இரண்டு. யூனிட்டைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம். பார்க்க அடக்கம் மாதிரி இருக்கும். ஆனால் வெட்டும்போது கதாநாயகனுக்கே நல்ல டேக் இருக்காது. தனக்குக் குறைந்தது மூன்று டேக் என்று முதல் உதவி இயக்குநரிடம் முன்பே சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது ஐந்தாம் நாள்தான். நான்காம் நாள் அந்த ரோப் ஷாட்.

என்ன நடந்தது என்றால், காட்சிப்படி அவர் மேலே மிதக்கிறார், கீழே அவருடைய சிநேகிதி கடைசியாக ஒரு உண்மையைச் சொல்கிறாள், அதைக் கேட்டு உடைந்துபோகிறார். அவள் பேசினாள். அருமையாகப் பேசினாள். மேலே அவர் முகத்தில் மனம் உடைந்த மனிதன் இல்லை. அவள் சரியாகச் செய்கிறாளா என்று பார்க்கும் ஆள் இருந்தான். ஒரு இடத்தில் அவள் வசனத்துக்கு அவர் உதடே லேசாக அசைந்தது. மானிட்டரில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மணி இரவு 11. ரோப் குழு களைத்திருந்தது. கேட்பவர் கால்ஷீட்டில் 1. சுற்றிலும் கைதட்டல். ஓகே என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் மதியம் ரஷ், அதாவது வெட்டாத காட்சிகளை, பார்த்துவிட்டு எடிட்டர் போன் செய்தார். நம்பர் ஒன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “நீங்கள் பார்த்தீர்கள், இல்லையா?” என்றுதான் கேட்டார். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “மேலே தொங்கும்போது எனக்கு மானிட்டர் கிடையாது. அத்தனை பேருக்கும் சம்பளம் தரும் தொடரின் முகம் நான். உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் குளோசப்பை மட்டும் கடைசி நாளில் நீலத் திரைக்கு முன்னால் திரும்ப எடுத்தோம். அதற்கு இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்துக்காக வேறு ஒரு நல்ல சின்னக் காட்சி பலியானது. அது என் கணக்கில்தான் இருக்கிறது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்ட அன்றே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். என் பென்சில் காதில் செருகியிருந்தால், அந்த டேக்கில் ஹீரோ இருந்தார். பென்சில் கையில் இருந்தால், இயக்குநர் எட்டிப் பார்த்தார், இன்னொரு டேக் வேண்டும். யூனிட்டுக்கு இது தெரியாது. எல்லோர் முன்னாலும் நான் அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை, அவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. “எனக்காக ஒரு தடவை” என்று சொல்லி மறுபடி போவார். நடித்துக்கொண்டே இயக்கும் யாரும் ஒரே ஒரு ஆளை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும், அல்லது ஐந்து பேரும் பிரமாதம் என்பார்கள். அந்த ஆள் உங்கள் நண்பராக இருக்க வேண்டியதில்லை. படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே, களைப்பு வருவதற்கு முன்பே, பேசி வைத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஆறாம் நாள் வடக்கு வான்கூவரில் பழைய கப்பல் கட்டும் தளத்துப் பக்கம் பகல் காட்சி. டிசம்பர் மாதம். எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நாலேகாலுக்குச் சூரியன் போய்விடும், மூன்றரைக்கே வெளிச்சம் செத்துவிடும். போதாததற்கு மழை. மழை பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரு ரகசியம் தெரியும்: பின்னாலிருந்து வெளிச்சம் விழாவிட்டால் தூறல் கேமராவில் தெரியாது. அதனால் ஒளிப்பதிவாளர் கோணத்தைத் திருப்பினார், நாங்கள் நனைந்துகொண்டே மழையில்லாத காட்சியை எடுத்தோம். மதியம் இரண்டு மணிக்கு இன்னும் ஒன்பது ஷாட் பாக்கி. நம்பர் ஒன் என்னிடம் வந்து, “கதைக்கு எது இல்லாவிட்டால் முடியாது?” என்றார். அவள் சாவியைக் கொடுப்பதும், அவன் வாங்காததும். இரண்டு ஷாட், காட்சி முழுவதையும் காட்டும் ஒரு மாஸ்டர். மூன்றோடு முடித்தார். போன ஆறு ஷாட்டுக்கு யாரும் இதுவரை அழவில்லை.

அவர் நடிகர் என்பதால் கிடைத்த பெரிய லாபத்தைப் பார்த்தது விருந்தினராக வந்த ஒரு இளம் நடிகையிடம். அந்தப் பெண் வெறும் நீலத் துணியைப் பார்த்து, கம்பு நுனியில் செருகிய டென்னிஸ் பந்தை அரக்கனாக நினைத்து நடிக்க வேண்டும். வழக்கமாக இயக்குநர்கள், “ரொம்பப் பெரிசு, ரொம்பப் பயங்கரம்” என்பார்கள். நம்பர் ஒன் மூன்றே விஷயம் சொன்னார்: அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு உயரம், எந்தச் சொல்லில் நகரத் தொடங்குகிறது. பந்தைப் பிடித்திருந்த ஆளை அந்தச் சொல்லில் சத்தமாகத் தரையை உதைக்கச் சொன்னார். முதல் டேக்கிலேயே அவள் நிஜமாகத் திடுக்கிட்டாள். நூறு தடவை பந்தைப் பார்த்து நடித்த ஆளுக்குத்தான் இது தோன்றும்.

அதே பெண்ணிடம் முதலில் ஒரு தவறும் செய்தார். முழு உடையில், நெஞ்சில் சின்னத்தோடு, முகமூடிக்குள்ளிருந்து திருத்தம் சொன்னார். அவள் அட்டென்ஷனில் நின்று கேட்டாள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. காஸ்ட்யூம் அக்கா ஒருத்தர்தான் கவனித்தார். அடுத்த முறை அவர் பேசப் போகும்போது ஒரு பெரிய குளிர் கோட்டைத் தோளில் போட்டு, முகமூடியைக் கழற்றிவிட்டார். அதன் பிறகு திருத்தம் சொல்லப் போகும்போதெல்லாம் கோட்டுதான்.

எட்டாம் நாள் இரவு முடித்தோம். இங்கே பூசணிக்காய் உடைக்கும் வழக்கம் இல்லை, பீட்சா வந்தது. எடிட்டிங்கில் இயக்குநருக்கு நான்கு நாள் உண்டு, அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் கை வைப்பார்கள். அங்கே அவர் முதலில் வெட்டியது தன் காட்சிகளையே என்று எடிட்டர் சொல்லிக் கேள்விப்பட்டேன். பாதியை எடிட்டர் திரும்பச் சேர்த்தாராம்.

அடுத்த எபிசோடு மறுநாள் காலையே தொடங்கிவிட்டது. வெளியிலிருந்து வந்த புது இயக்குநர், கெட்டிக்காரர், வேகமானவர். நம்பர் ஒன் பழையபடி வெறும் நடிகர். ஒரு சாதாரணக் காட்சி, ஆய்வகத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். இரண்டாவது டேக் முடிந்ததும் புது இயக்குநர், “அருமை, அடுத்த ஷாட்” என்று எழுந்தார். ஆட்கள் லைட்டை நகர்த்தத் தொடங்கினார்கள். நம்பர் ஒன் தன் இடத்திலிருந்து நகரவில்லை. கேமராவைத் தாண்டி, இயக்குநரையும் தாண்டி, என் பக்கம் திரும்பினார்.

பென்சில் கையில் இருந்தது.

“மன்னிக்கணும், எனக்காக ஒரு தடவை போகலாமா?” என்று அவர் புது இயக்குநரிடம் கேட்டார். முதல் உதவி இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் குனிந்து டேக் 3 என்று எழுதினேன்.